வண்டியில் எத்தனை பேர்?

கிரெம்தா சாலை, நான்காம் கிலோமீட்டர்,
ஸ்ஃபாக்ஸ்.
பெருநாள் கழிந்த மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணன் மௌல்தி அவர்களுக்கு, தங்கை வஸீலா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. லியோன் நகரத்துக் குளிரிலும் தாங்களும் அண்ணி ஸுஆதும் பிள்ளைகளும் இறைவன் அருளால் சுகமாக இருப்பீர்கள். இங்கே உம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். முழங்காலும் நலம்தான். உயரமான அலமாரியையும் மாடிப்படியையும் கண்டால் மட்டும்தான் அதற்கு ஆகாது.

இன்று காலை கண் விழித்ததும் நான் செய்த முதல் வேலை என்னவென்றால், முகம்கூடக் கழுவாமல் வீட்டுச் செருப்போடு முற்றத்துக்குப் போய், என் மோட்டார் சைக்கிளின் இருக்கையில் சுருண்டு கிடந்த சாம்பல் பூனையைத் தூக்கிக் கீழே விட்டுவிட்டு, அது விட்டுப்போன சூட்டின் மேல் உட்கார்ந்தேன். வண்டி ஸ்டாண்டில் நின்றது. ஐம்பது சிசி மொபிலெட் என்பதால் சைக்கிளைப் போல மிதிகட்டை உண்டு அல்லவா, மெதுவாக மிதித்தேன். பின்சக்கரம் தரையைத் தொடாமல் காற்றில் சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டேன். துறைமுகம் வந்தது, கப்பல் வந்தது, கெர்க்கெனாத் தீவு வந்தது. தீவின் அந்தக் கடைசிச் சாலை உனக்கு நினைவிருக்கும். இரண்டு பக்கமும் குட்டைப் பேரீச்ச மரங்கள், அதற்கப்பால் முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத கடல், போகப் போக மண் எங்கே முடிந்தது தண்ணீர் எங்கே தொடங்கியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். நான் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கரையைக் கோடாகப் போடாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கிறேன். ஆனால் கோடே இல்லாத கரை ஒன்று கண்ணெதிரே ஒரு மணி நேரக் கடல் தூரத்தில் இருக்கிறது. அதை நோக்கி இன்று காலை நெடுந்தூரம் போனேன். அப்போது அடுப்படி ஜன்னலிலிருந்து உம்மாவின் குரல்:

“என்னடி, தீவுக்குப் போய்ச் சேந்துட்டியா? வர்றப்போ ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வா.”

இந்த உம்மாதான் போன வாரம் தொலைபேசியில் உன்னிடம், “உன் தங்கச்சிக்குப் புத்தி பிசகிடுச்சு, ஸ்டாண்டுல நிக்கிற வண்டியில உக்காந்து ஊர் ஊராப் போறா” என்று அழுதது. நீ விவரம் கேட்டாய். தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உன் குரல் கேட்டதும் உம்மா ஒலிபெருக்கியை அமுக்கிவிடுகிறார், பிறகு நான் சொல்வதை மூன்று வீடுகள் திருத்துகின்றன. அதனால்தான் கடிதம். பெரியம்மா மகன் சனிக்கிழமை எண்ணெய் டப்பாவோடு உன் ஊருக்கு விமானம் ஏறுகிறான். டப்பாவுக்கும் சட்டைக்கும் நடுவில் இதை வைத்து அனுப்புகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் மன்னித்துவிடு.

வண்டியை லாமின் மாமாவிடம் வாங்கினேன். பாட்டன் காலத்து வண்டி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் அது முதலில் என்ன நிறம் என்று அவருக்கே மறந்துவிட்டது. ஆக்டோபஸ் பிடிக்கும் மண் ஜாடிகளை அதில் கட்டி ஆயுள் முழுதும் துறைமுகத்துக்கு ஓட்டியவர். கண் மங்கியதால் விற்றார். ஜாடிகள் போய்விட்டன, வாசம் போகவில்லை. பெட்ரோல் டாங்கைச் சோப்புப் போட்டு, எலுமிச்சை தேய்த்து, வெயிலில் காய வைத்துவிட்டேன். இன்றைக்கும் நான் தெருவில் இறங்கினால் பின்னால் பூனைகள் வருகின்றன. நின்றால் அவையும் நிற்கின்றன. வகுப்பில்கூட எனக்கு இவ்வளவு ஒழுங்கு கிடைத்ததில்லை.

பள்ளிக்குப் போகத்தான் வண்டி என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மாணவர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய ஆப்பிரிக்க வரைபடத் தாள் ஒன்றின் மேல், சகாரா முழுக்க இடம் எடுத்துக்கொண்டு, எனக்கு வேண்டிய வண்டியை ஒரு மதியம் வரைந்தேன். தாழ்ந்த கைப்பிடி. பின்னால் சாமான் தட்டு இல்லை. மட்கார்டு பாதி. விடியும் நேரத்துக் கடலின் நிறம், நீலமும் இல்லை சாம்பலும் இல்லை. முக்கியமாக, ஒரே ஓர் ஆள் உட்காரும் சின்ன இருக்கை. அந்த இருக்கையை வரைந்து முடித்தபோது எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது அண்ணா. நாற்பத்து நான்கு வயதில் இந்த வீட்டில் எனக்கென்று இருப்பதை எண்ணிப் பார்த்தேன். என் அறையில் உன் பழைய பெட்டிகள் இருக்கின்றன. என் மேசையில் உம்மாவின் மருந்துகள் இருக்கின்றன. என் நாற்காலியில் யாராவது இருக்கிறார்கள். நான் உட்கார்ந்தால் நிரம்பிவிடுகிற ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசையா, நீயே சொல்.

கூரை ஒழுகலைச் சரிசெய்த பிறகு ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் மிஞ்சுவது ஆசை மட்டும்தான் என்பதால், புதுப் பாகம் எதையும் வாங்குவதில்லை, கிடைத்ததை வைத்தே மாற்றுவது என்று முடிவு செய்தேன். நம் ஊர்க்காரர்கள் எதையும் வீசி எறிய மாட்டார்கள், கேட்டால் இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சும்மா கொடுக்கவும் மாட்டார்கள் என்பது நாற்பத்து நான்கு வருடம் இங்கேயே வாழ்ந்தும் எனக்கு உறைக்கவில்லை. காசு கொடுக்காமல் வாங்கிய ஒவ்வொரு பாகத்தோடும் ஓர் ஆள் ஒட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் லாமின் மாமாவே. விலையைப் பாதியாகக் குறைத்தார், சந்தோஷமாகக் கை குலுக்கினேன், கையை விடாமலே சொன்னார்: “பின்தட்டை மட்டும் கழட்டிடாத மகளே. சனிக்கிழமை சனிக்கிழமை என் ஜாடிகளத் துறைமுகத்துல எறக்கி வெச்சுடு. வண்டிக்கு வழி தெரியும், நீ சும்மா புடிச்சுக்கிட்டாப் போதும்.” பின்தட்டு அப்படியே தங்கிவிட்டது. அடுத்து கைப்பிடி. ஜன்னல் கம்பி செய்யும் ஃபௌஸியின் பட்டறையில் நல்ல குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. வளைத்துத் தருகிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துப் போனால், ஐயோ, நம் வீட்டு ஜன்னல்களில் வயிறு தள்ளி நிற்குமே அந்தக் கம்பி, அதே வளைவு, இரண்டு முனையிலும் அதே சுருள். “நேராத்தான் முடிக்கணும்னு நெனச்சேன் டீச்சர், கை கேக்கலை” என்றார். அவருடைய மனைவி மொன்ஜியா காப்பி கொண்டுவந்து வைத்து, “காசெல்லாம் வேணாம்மா, வியாழக்கிழமை என்னைக் குளியல் கூடத்துல கொண்டு விட்டுட்டா போதும். வாளியை நான் மடியில வெச்சுக்குவேன்” என்றார். மறுக்க வாய் வருமா? காப்பியைக் குடித்துவிட்டேன்.

முன்விளக்குக்கு உம்மா ஒரு பெரிய ஹரிஸ்ஸா டப்பாவைக் கொடுத்தார். மிளகாய் விழுதைக் கழுவித்தான் பொருத்தினேன், இருந்தாலும் விளக்குச் சூடேறினால் எனக்குப் பசிக்கிறது. டப்பாவுக்கு விலை, வெள்ளிக்கிழமை அவரை வாப்பாவை அடக்கிய மையவாடிக்குக் கூட்டிப் போவது. நிறத்துக்கு, தெருவில் கதவு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டையெல்லாம் வாங்கிக் கலந்தேன். ஒருவர் வீட்டு நீலம், இன்னொருவர் வீட்டு நீலம், கொஞ்சம் வெள்ளை, அடுப்புக்கரி. விடியற்காலைக் கடல் வரும் என்று நினைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் அப்பட்டமான ஜன்னல் நீலம். சுவரில் சாய்த்து வைத்தேன், அண்ணா, சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி காணாமல் போய்விட்டது. வெள்ளைச் சுவர், நீல நிறம், சுருள் கம்பி. மறுநாள் மின்சாரக் கட்டணச் சீட்டு கைப்பிடிச் சுருளுக்குள் மடித்துச் செருகியிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஜன்னலைப் பார்த்து “வீட்டுல யாரும் இல்லையா?” என்று இரண்டு முறை கூப்பிட்டதை எதிர்வீட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நான் சிரித்தேன், பிறகு நெடுநேரம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகக்கூடிய ஒரு ஜன்னல் யாருக்குக் கிடைக்கும்?

இருக்கைதான் என்னைத் தோற்கடித்தது. மணமக்கள் சோபா செய்யும் தாஹிரிடம் வரைபடத் தாளை நீட்டினேன். அவர் சகாராவை மேலும் கீழும் பார்த்தார்.

“இது என்ன டீச்சர், குருவி உக்கார்றதுக்கா?”

“நான் உட்கார்வதற்கு.”

“ஒத்த ஆள் சீட்டா? ஏன், வீட்டுல யாரும் மௌத்தாயிட்டாங்களா?”

“இல்லை, எல்லாரும் நலம்.”

“அப்ப எதுக்கு இப்படி அபசகுனமா? என் தொழில்ல ஒருத்தர் மட்டும் உக்கார்ற மாதிரி நான் தச்சதே இல்ல. மாப்பிள்ளை ஒரு பக்கம் நகர்ந்தா பொண்ணுக்கு எடம் வரணும். அதான் சோபா. நீங்க போங்க, உங்க மனசு குளிர்ற மாதிரி நான் தச்சுத் தரேன்.”

தைத்தார். தங்க நிறச் சரிகைப் பூப்போட்ட, ஓரத்தில் குஞ்சம் வைத்த, இரண்டரை ஆள் நீள இருக்கை. காசு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்தைகளைக் கடை கடையாகக் கொண்டு சேர்த்தால் போதுமாம். நீ மட்டும் சளைத்தவனா? லியோனிலிருந்து கைப்பிடியில் மாட்டிப் பின்பக்கம் பார்க்கும் இரண்டு கண்ணாடிகள் அனுப்பினாய், நல்ல கண்ணாடிகள், கூடவே ஒரு வரி: “ஆகஸ்ட் மாசம் பூரா வண்டி எனக்கும் பிள்ளைகளுக்கும்.” சரி அண்ணா என்று பதில் போட்டேன். வேறென்ன போடுவேன்.

எண்ணெய்க் கதையை உம்மா தன் பாணியில் உனக்குச் சொல்லியிருப்பார், நடந்ததை நான் சொல்கிறேன். இந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலில் தனி எண்ணெய் கலக்க வேண்டும். கடை எண்ணெய் வாங்கப் புறப்பட்டேன். உம்மா வாசலை மறித்துக்கொண்டார். “கடையில எண்ணெய் வாங்குறதா? நம்ம வீட்டுலயா? இந்த ஊர்ல பொறந்துட்டா? காதுவலிக்கு ஊத்துறோம், இருமலுக்குக் குடிக்கிறோம், கதவு கீல் கத்தினா தடவுறோம். உங்க வாப்பா தலையில தடவித் தடவி எண்பது வயசு வரைக்கும் முடி கொட்டலை. வண்டி மட்டும் என்ன, பிரான்ஸ்காரனா?” என்று கேட்டுக்கொண்டே நம் தோட்டத்து ஆலிவ் எண்ணெயை, முதல் பிழிவை, டாங்கில் ஊற்றிவிட்டார். அன்றைக்கு ரமலான் இருபதோ இருபத்தொன்றோ. நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது வெள்ளோட்டம் புறப்பட்டேன். வண்டி ஓடியது! முதல் இரண்டு தெருக்கள் ஒரு கனவு. காற்று என் முக்காட்டுக்குள் புகுந்து வெளியே போயிற்று. அப்புறம் திரும்பிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று புகை, அந்தப் புகையில், மௌல்தி, அடேயப்பா, அசல் பொரியல் வாசனை. சூடான எண்ணெயில் முட்டை வைத்து மடித்த பிரிக் பலகாரத்தைப் போட்டால் எழும்புமே, அதே வாசனை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத தெரு. ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது.

“யார் வீட்டுலப்பா இந்நேரத்துக்கே பொரிக்கிறாங்க? ஈவிரக்கம் இல்லையா?”

“பாங்கு சொல்லிட்டாங்களா? நமக்குத்தான் கேக்கலையா?”

“அந்தா போகுது பார், டீச்சரோட ஜன்னல்!”

நான் வேகத்தைக் கூட்டினேன், வாசனையும் கூடியது. பள்ளிவாசல் முனையில், சரியாகப் பெரியவர்கள் உட்கார்ந்து நேரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் இடத்தில், வண்டி இரண்டு முறை இருமி நின்றது. எஞ்சின் பிளக் முழுக்கப் பசை. புகை மட்டும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவரும் திட்டவில்லை. ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்து, “கொத்தமல்லி கொஞ்சம் கம்மி” என்று மட்டும் சொன்னார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். பின்னால் வழக்கமான பூனைகளோடு அன்றைக்கு ஊரிலிருந்த மிச்சப் பூனைகளும்.

வண்டி நின்றதற்குக் காரணம் எண்ணெய் அல்லவாம், கண்ணேறாம். பெருநாள் முடிந்ததும் உம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: நம் ஊரில் புது மணப்பெண்ணைத் தாண்ட வைப்பதுபோல வண்டியும் மீனைத் தாண்ட வேண்டும், ஏழு தடவை. “நீதான் மீனைத் தாண்டுற வழியக் காணோம், உன் வண்டியாவது தாண்டட்டும்” என்றார். அது சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சொல்லும்போது என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அதனால் எனக்குக் கோபிக்கத் தெரியவில்லை. முற்றத்தில் ஒரு பெரிய மடவை மீனை ரிப்பன் கட்டி வைத்தார்கள். லாமின் மாமா, ஃபௌஸி, மொன்ஜியா, தாஹிர் எல்லாரும் நல்லுடை போட்டுக்கொண்டு வந்தார்கள். மொன்ஜியா குலவை இட்டார். நான் வண்டியைத் தள்ளி மூன்று தடவை தாண்ட வைத்தேன். நான்காம் தடவைக்குத் திருப்புவதற்குள் சாம்பல் பூனை மீனை ரிப்பனோடு கவ்விக்கொண்டு சுவரேறிவிட்டது. உம்மா தலையில் கை வைத்துவிட்டார். லாமின் மாமாதான் கண் மங்கியவராக இருந்தும் முதலில் தெளிந்தவர். “அதனால என்ன, மீன் இப்ப பூனைக்குள்ளதான இருக்கு? மிச்ச நாலு தடவை பூனையத் தாண்டு” என்றார். பூனை உடன்படவில்லை.

பிறகு எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்து பாதாம் பலகாரம் தின்றுகொண்டே தங்கள் தங்கள் கிழமையை உறுதி செய்துகொண்டார்கள். சனி ஜாடி, ஞாயிறு மெத்தை, வியாழன் குளியல், வெள்ளி மையவாடி, மற்ற நாள் பள்ளி, ஆகஸ்ட் நீ. சண்டையே இல்லை, அவ்வளவு அன்பாகப் பங்கிட்டார்கள். தேசங்களுக்கு எல்லை வரைந்தவர்கள் இவர்களைப் போல இருந்திருந்தால் எனக்குப் பாடம் நடத்தும் வேலை குறைந்திருக்கும். நான் என் வண்டியைப் பார்த்தேன். எல்லாருக்கும் அதில் ஓர் இடம் இருந்தது.

இதை மட்டும் உம்மாவிடம் சொல்லாதே. போன வியாழன் மதியம் பள்ளி சீக்கிரம் முடிந்தது. பிளக்கைத் துடைத்துக் கடை எண்ணெய் ஊற்றியதும் ஓடத் தொடங்கியிருந்த வண்டி, தானாகவே துறைமுகம் போயிற்று. லாமின் மாமா சொன்னாரே, அதற்கு வழி தெரியும். தீவுக் கப்பலின் வாய் திறந்திருந்தது. சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒரு பெண், வாயில் சூரியகாந்தி விதை.

“வண்டியில எத்தனை பேர்?”

“ஒருத்தி.”

அவள் எட்டி என் இருக்கையைப் பார்த்தாள். வெயிலில் அந்தச் சரிகை அப்படி மின்னியது. “இவ்ளோ நீளச் சீட்டுக்கு ஒருத்தியா? மத்தவங்க வர்ற வரைக்கும் ஓரமா நில்லுங்க அக்கா, பின்னாடி லாரி நிக்குது.”

நானும் ஓரமாக நின்றேன், அண்ணா. அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் நின்றேன். கப்பல் வாயை மூடிக்கொண்டு கிளம்பியது. தண்ணீர் அது போன தடத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு மறந்துவிட்டது. அப்போது மொன்ஜியாவின் நினைவு வந்தது. திரும்பி வந்தேன். வாசலில் வாளியோடு நின்றிருந்தார். “எங்கம்மா போயிட்ட, தண்ணி ஆறிடும்ல” என்றார்.

ஆகவே அண்ணா, கவலைப்பட ஒன்றுமில்லை. எனக்குப் புத்தி பிசகவில்லை. வண்டி இப்போது கடை எண்ணெயில் ஒழுங்காக ஓடுகிறது. ஒற்றை இருக்கை ஆசையெல்லாம் விட்டுவிட்டேன். தாஹிர் சொன்னது சரிதான், ஒருவர் நகர்ந்தால் இன்னொருவருக்கு இடம் வர வேண்டும். ஆகஸ்டில் நீ வா. பிள்ளைகளைப் பின்னால் வரிசையாக உட்கார வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போ. குடையைத் தட்டில் கட்டிக்கொள்ளலாம். அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தங்கள். உங்கள் வீட்டு விளக்கும் அடுப்பும் அணையாதிருக்கட்டும், போகிற பாதையெல்லாம் பசுமையாக இருக்கட்டும் என்று உம்மாவும் நானும் துஆ செய்கிறோம்.

இப்படிக்கு, என்றும் உன் சொல் தட்டாத தங்கை,
வஸீலா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். கடைசிப் பத்தியில் எழுதியிருப்பவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பள்ளியின் பழைய சாமான் அறையில் கிடந்த சைக்கிள் ஒன்றின் சின்னத் தோல் இருக்கையை, தலைமை ஆசிரியையிடம் கேட்டு, அவர் தூக்கி எறியச் சொன்ன பிறகே எடுத்து வந்தேன். அதோடு எந்த ஆளும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. மேல் அலமாரியில், பெரிய குஸ்குஸ் பானைக்குள் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு உம்மாவின் முழங்கால் ஏறாது. தாஹிரின் தங்க இருக்கை இரண்டே திருகாணியில்தான் நிற்கிறது, இன்று காலை தடவிப் பார்த்தேன். சனிக்கிழமை ஜாடிகளை இறக்கிவிட்டு வந்து பின்தட்டைக் கழற்றுவேன். ஞாயிறு விடியற்காலை தங்க இருக்கையை, குஞ்சத்தோடு, தாஹிரின் கடை வாசலில் வைத்துவிட்டு முதல் கப்பல் ஏறுவேன். எந்தப் பெண்ணாவது அதில் உட்காரட்டும், பக்கத்தில் யாராவது நகர்ந்து இடம் கொடுக்கட்டும். மற்றக் கிழமைகளை அவரவரிடம் திரும்பி வந்து பேசிக்கொள்கிறேன். எப்போது திரும்புவேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, பூனையிடம்கூட. உன் கண்ணாடிகளில் ஒன்றை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், ஆகஸ்டில் பேருந்து உண்டு. இன்னொன்றை வைத்துக்கொள்கிறேன், பின்னால் பூனைகள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை உம்மா தொலைபேசியில் அழைத்தால், கொத்தமல்லி வாங்கப் போயிருக்கிறாள் என்று சொல். பொய்யில்லை. வரும்போது ஒரு கட்டு வாங்கி வருவேன்.